இரட்டைப் பணி: இந்தோனேசிய இராணுவமும் குடிமக்கள் வாழ்வும்

1992ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், இந்தோனேசியாவின் வட சுமத்திராவில் படைத்தளபதி ஒருவர் ஓர் ஆணை பிறப்பித்தார். அவ்வாணை எல்லைக் காவலைப் பற்றியதன்று. கலகத்தை அடக்குவது பற்றியதுமன்று. பாத்தாக் மக்களின் புரொட்டஸ்டண்டுத் திருச்சபைக்குத் தற்காலிகத் தலைவர் ஒருவரை நியமிக்கும் ஆணை அது. 1861ஆம் ஆண்டில் தோன்றி, ரைன் மிஷனைச் சேர்ந்த நொமென்சன் என்னும் ஜெர்மானிய அருட்பணியாளரின் நீண்ட உழைப்பால் வளர்ந்த அத்திருச்சபை, தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய புரொட்டஸ்டண்டுத் திருச்சபையாகக் கருதப்படுவது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அங்கம் வகிக்கும் உலக லுத்தரன் சம்மேளனத்தில் அதுவும் 1952 முதல் அங்கம் வகித்து வருகின்றது.

ஒரு திருச்சபைக்குத் தலைவரை நியமிக்கும் உரிமை ஒரு படைத்தளபதிக்கு எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுரிமை ஓர் இரவில் நிகழ்ந்த இராணுவப் புரட்சியினால் வந்ததன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒவ்வொரு படியாக, பெரும்பாலும் மெய்யான ஒரு தேவையை நிறைவேற்றும் வகையிலேயே அது வளர்ந்தது. அப்படிகளை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோமாயின், நமக்கும் பயன்படும் பாடங்கள் சில அவற்றில் உள்ளமை புலனாகும்.

மலைப்பாதையின் நினைவு

1945 ஆகஸ்டு 17ஆம் நாள் சுகர்ணோவும் ஹத்தாவும் இந்தோனேசியாவின் விடுதலையைப் பிரகடனம் செய்தனர். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் புதிய குடியரசின் படை நிறுவப்பட்டது. நவம்பரில் படை அதிகாரிகள் தாமே கூடித் தங்கள் தலைமைத் தளபதியைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட சுதிர்மான், முன்னர்ப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். படையின் தலைவரை அரசாங்கம் நியமியாமல் படையே தேர்ந்துகொண்டது என்பது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது.

1948 டிசம்பர் 19ஆம் நாள் டச்சுப் படைகள் குடியரசின் தலைநகராயிருந்த யோக்யகர்த்தாவைக் கைப்பற்றின. சுகர்ணோவும் ஹத்தாவும் நகரிலேயே தங்கிச் சிறைப்பட்டனர். காசநோயால் நலிந்திருந்த சுதிர்மானோ, பல்லக்கு ஒன்றில் சுமந்து செல்லப்பட்டவராய் ஜாவாவின் மலைகளில் இருந்துகொண்டே கெரில்லாப் போரை நடத்தினார். கிராம மக்கள் படையினருக்கு உணவளித்தனர், மறைவிடம் தந்தனர். படை அதிகாரிகளும் ஆங்காங்கே ஊர் நிர்வாகத்தைத் தாங்களே கவனித்துக்கொண்டனர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து இராணுவம் ஒரு நினைவைத் தனக்குரியதாக்கிக் கொண்டது. அரசியல்வாதிகள் சரணடைந்தனர், நாட்டைக் காத்தது படை என்பதே அந்நினைவு. அது முழு உண்மையன்று. உலக நாடுகளின் எதிர்ப்பும், பேச்சுவார்த்தை மேடையில் சிவில் தலைவர்கள் ஆற்றிய பணியும் இல்லாமல் 1949இல் டச்சுக்காரர் ஆட்சியுரிமையைக் கையளித்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஒரு நிறுவனம் தன்னைப்பற்றிக் கொண்டிருக்கும் நினைவு, அதன் பிற்கால நடத்தைக்கு வித்தாக அமைந்துவிடுகின்றது. நாட்டைப் பெற்றெடுத்தவர்கள் நாங்களே எனக் கருதுவோர், நாட்டை வளர்க்கும் பொறுப்பும் தங்களுடையதே எனக் கருதுவது இயல்பன்றோ?

ஒரே பள்ளியில் பயின்ற இருவர்

இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள இரு மனிதர்களின் வாழ்வு நமக்குத் துணைசெய்யும். ஒருவர் அப்துல் ஹாரிஸ் நசுத்தியோன்; மற்றவர் தாஹி போனார் சீமாத்துப்பாங். இருவரும் வட சுமத்திராவினர். டச்சு ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் பாண்டுங் நகரிலிருந்த இராணுவக் கல்லூரியில் இருவரும் பயின்றனர். முன்னவர் இஸ்லாமியர், பின்னவர் பாத்தாக் கிறிஸ்தவர். 1950இல் சுதிர்மான் இறந்தபின், முப்பது வயதே நிரம்பிய சீமாத்துப்பாங் முப்படைகளின் தலைமைப் பொறுப்பையும், நசுத்தியோன் தரைப்படையின் தலைமையையும் வகித்தனர்.

கெரில்லாக் குழுக்களிலிருந்து திரண்ட படையைக் குறைத்து, ஒழுங்கும் பயிற்சியும் உள்ள சிறு படையாக மாற்ற இருவரும் விழைந்தனர். நாடாளுமன்றத்தினர் அத்திட்டத்தில் தலையிட்டுக் கடுமையாகத் தாக்கினர். 1952 அக்டோபர் 17ஆம் நாள் ஜகார்த்தாவில் ஆர்ப்பாட்டம் நடந்தது. டாங்கிகளும் பீரங்கிகளும் அதிபர் மாளிகையை நோக்கி நிறுத்தப்பட்டன. நாடாளுமன்றத்தைக் கலைக்குமாறு அதிகாரிகள் சுகர்ணோவைக் கேட்டனர். அவர் இணங்கவில்லை. நசுத்தியோன் பதவியிழந்தார். அடுத்த ஆண்டில் சீமாத்துப்பாங் வகித்த பதவியே ஒழிக்கப்பட்டது.

இத்தோல்வியிலிருந்து இருவரும் வெவ்வேறு வழியில் சென்றனர். 1955இல் மீண்டும் தரைப்படைத் தளபதியான நசுத்தியோன், அதிகாரத்தை வன்மையால் பறிக்காமலே அதில் பங்குபெறும் வழியைத் தேடினார். சீமாத்துப்பாங் 1959இல் படையிலிருந்து ஓய்வுபெற்றுத் திருச்சபைப் பணியில் ஈடுபட்டார். இந்தோனேசியத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் விளங்கி, 1975இல் நைரோபியில் கூடிய பேரவையில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நடுவழி

1950 செப்டம்பர் முதல் 1957 மார்ச்சு வரை இந்தோனேசியாவில் ஆறு அமைச்சரவைகள் தோன்றி மறைந்தன. கட்சிகள் ஒன்றோடொன்று பூசலிட்டன. சுமத்திராவிலும் சுலவேசியிலும் படை அதிகாரிகள் சிலர் மைய அரசுக்கு எதிராகக் கிளர்ந்தனர். 1957 மார்ச்சு 14ஆம் நாள் அலி சாஸ்திரோஅமிஜோயோவின் அமைச்சரவை விலகிற்று. அன்றே சுகர்ணோ நாடு முழுவதும் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். சிவில் தலைவர் ஒருவரே கதவைத் திறந்துவிட்டார் என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். அச்சட்டம் 1963 மே வரை நீடித்தது.

அதே 1957 டிசம்பரில், மேற்கு நியூகினி குறித்து டச்சுக்காரரோடு எழுந்த தகராற்றினால், தொழிற்சங்கத்தினர் டச்சு நிறுவனங்களைக் கைப்பற்றினர். குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு அந்நிறுவனங்களைப் படையின் மேற்பார்வையில் கொண்டுவந்தார் நசுத்தியோன். தோட்டங்கள், வணிக நிலையங்கள் முதலியவற்றின் நிர்வாகத்தில் படை அதிகாரிகள் அமர்ந்தனர். அதே மாதத்தில் எண்ணெய்த் தொழிலுக்கென ஒரு நிறுவனமும் இபுனு சுத்தோவோ என்னும் படை அதிகாரியின் பொறுப்பில் உருவாயிற்று. குழப்பம் ஓய்ந்தபின்னும் அதிகாரிகள் நாற்காலிகளை விட்டெழவில்லை. அரசின் வரவு செலவுத் திட்டம் படையினரின் தேவைக்குப் போதாதிருந்தமையால், அக்குறையை இத்தொழில்களின் வருவாய் நிரப்பியது.

1958 நவம்பரில் மகலாங் இராணுவக் கல்லூரியில் ஆற்றிய உரையில் நசுத்தியோன் இந்நிலைக்கு ஒரு கொள்கை வடிவம் தந்தார். லத்தீன் அமெரிக்கப் படைகளைப் போல் நாங்கள் ஆட்சியைக் கவிழ்க்க மாட்டோம். மேலைநாட்டுப் படைகளைப் போல் அரசாங்கத்தின் வெறும் கருவியாகவும் இருக்க மாட்டோம். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழியை மேற்கொள்வோம் என்பது அதன் சாரம். கேட்பதற்கு மிதமானதாய்த் தோன்றும் இக்கொள்கையில் ஒரு குறை இருந்தது. நடுவழியில் எவ்வளவு தொலைவு செல்லலாம், எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதற்கு எல்லைக்கல் எதுவும் நாட்டப்படவில்லை.

கிராமம் வரை இறங்கிய ஏணி

1965 அக்டோபர் 1ஆம் நாள் விடியற்காலையில் ஆறு தளபதிகள் கொலையுண்டனர். நசுத்தியோன் உயிர் தப்பினார். அவருடைய இளமகள் குண்டடிபட்டு இறந்தாள். பழி கம்யூனிஸ்டுக் கட்சியின்மீது சுமத்தப்பட்டது. அதன்பின் நடந்த படுகொலைகளில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரோ, அதனினும் மிகுதியானோரோ மடிந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. படை இதனை முன்னின்று நடத்தியது அல்லது தூண்டியது. 1966 மார்ச்சு 11ஆம் நாள் ஆணையின் வழியாக அதிகாரம் சுகார்த்தோவின் கைக்கு மாறிற்று. 1968இல் அவர் முழு அதிபரானார்.

நடுவழி என்றிருந்தது இப்போது இரட்டைப் பணி என்று பெயர் பெற்றது. நாட்டைக் காப்பது ஒரு பணி. அரசியல், பொருளாதாரம், சமூகம் ஆகியவற்றில் பங்குகொள்வது மற்றொரு பணி. 1982ஆம் ஆண்டின் 20ஆம் எண் சட்டம் இதனைச் சட்ட உரிமையாகவே ஆக்கிற்று.

இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு செயற்பட்டது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். நாடு பல படை வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டது. வட்டாரத்தின்கீழ் உள்வட்டாரம், அதன்கீழ் மாவட்ட நிலையம், அதன்கீழ் துணை மாவட்ட நிலையம், இறுதியாகக் கிராமத்திற்கு ஒரு கீழ்நிலைப் படை அதிகாரி என, சிவில் நிர்வாகத்தின் ஒவ்வொரு படிக்கும் எதிரே படையின் ஒரு படி நின்றது. மாவட்ட ஆட்சியர் கூட்டும் ஆலோசனைக் குழுவில் படைத்தளபதியும் அமர்ந்தார். பணியிலுள்ள அதிகாரிகள் அமைச்சர்களாகவும் தூதுவர்களாகவும் அனுப்பப்பட்டனர். புதிய ஆட்சியின் முதல் ஆண்டுகளில் மாநில ஆளுநர்களுள் பெரும்பான்மையினர் படையினராகவே இருந்தனர். காவல் துறையும் இராணுவத்தோடு ஒரே தலைமையின்கீழ் இணைக்கப்பட்டிருந்தது. 460 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 75 இடங்கள் நியமனம் பெற்ற படையினருக்கு ஒதுக்கப்பட்டன. 1987 முதல் 500இல் 100 ஆயிற்று.

இவற்றுள் எல்லாம் தீமை என்று கூறிவிடுதல் நேர்மையாகாது. 1980இல் தளபதி யூசுப் தொடங்கிய, படை கிராமத்திற்குச் செல்லும் திட்டத்தின்கீழ், படைவீரர்கள் சாலை அமைத்தனர், பாலம் கட்டினர், பள்ளிக்கூடங்களைப் பழுது பார்த்தனர். மக்கள் அவற்றால் பயனடைந்தனர். ஆனால் பாலம் கட்டிய கரமே ஊராட்சித் தேர்தலில் யார் நிற்கலாம் என்பதையும், எக்கூட்டம் கூடலாம் என்பதையும் முடிவு செய்தது. சிவில் பொறியாளர் கட்டிய பாலத்தில் குறை கண்டால் மக்கள் முறையிடலாம். துப்பாக்கி ஏந்தியவர் கட்டிய பாலத்தைப்பற்றி யாரிடம் முறையிடுவது? மேலும், படை செய்துவிடும் என்றிருந்தமையால், அப்பணியைச் செய்யவேண்டிய சிவில் துறைகள் வளரவில்லை. அவை வளராதிருந்ததே படையின் உதவி தொடர்ந்து தேவை என்பதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

கணக்குக் கேட்பார் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு எண்ணெய் நிறுவனத்தின் கதையே சான்று. இபுனு சுத்தோவோவின் தலைமையில் பெர்த்தமினா எனப் பெயர்பெற்று வளர்ந்த அது, 1975இல் தன் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றது. மொத்தக் கடன் 1,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அச்சுமை நாட்டு மக்கள்மீதே விழுந்தது.

இரட்டைப் பணிக்கு வித்திட்ட நசுத்தியோனே இறுதியில் அதன் விளைவைக் கண்டு வருந்தினார் எனலாம். 1980 மே மாதம், ஓய்வுபெற்ற தளபதிகளும் அரசியல் தலைவர்களுமாக ஐம்பதின்மர் கையொப்பமிட்டு, படையை ஒரு சாராரின் கருவியாக்குவதைக் கண்டித்து நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் ஒன்று அளித்தனர். அவர்களுள் நசுத்தியோனும் ஒருவர். விண்ணப்பத்தினருக்குக் கிடைத்த விடை, வெளிநாட்டுப் பயணத் தடையும் செய்தித்தாள்களின் மௌனமுமே.

திருச்சபையின் நிலை

இக்காலத்தில் திருச்சபைகள் எவ்வாறு நடந்துகொண்டன? 1965க்குப் பின், ஏற்கப்பட்ட சமயங்களுள் ஒன்றைச் சாராதவர் நாத்திகர் எனவும், நாத்திகர் கம்யூனிஸ்டு எனவும் ஐயுறப்பட்ட சூழலில், ஜாவாவில் பல லட்சம் பேர் திருமுழுக்குப் பெற்றனர். சிறுபான்மையினராகிய கிறிஸ்தவர்களுக்குப் படையின் ஆட்சி ஒரு பாதுகாப்பாகத் தோன்றிற்று. நன்றியுணர்வும் அச்சமும் கலந்த அந்நிலையில் கண்டனக் குரல் எழுப்புவது எளிதன்று.

நாட்டைக் கட்டும் பணியில் திருச்சபை ஆக்க நோக்கோடும், படைப்புத் திறனோடும், விமரிசனத்தோடும், எதார்த்த உணர்வோடும் பங்குகொள்ள வேண்டும் என்பது சீமாத்துப்பாங் முதலியோர் வகுத்த நெறியாகும். நான்கும் சேர்ந்தே நிற்கவேண்டியவை. ஆனால் அதிகாரத்தின் நிழலில் வாழ்வோர்க்கு ஆக்கமும் எதார்த்தமும் எளிதில் கைவரும். விமரிசனமே முதலில் கைநழுவும்.

சீமாத்துப்பாங் 1990 சனவரி 1ஆம் நாள் மறைந்தார். மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், அவர் பிறந்த பாத்தாக் மக்களின் திருச்சபையே சோதனைக்கு உள்ளாயிற்று. எஃபோருஸ் எனப்படும் தலைமைப் பதவியில் 1987 முதல் இருந்தவர் டாக்டர் நபாபான். அவர் மனித உரிமைகளைப்பற்றித் துணிந்து பேசியவர். அவருக்கும் திருச்சபையின் ஒரு பகுதியினருக்குமிடையே நிர்வாகம் குறித்துக் கடும் வேறுபாடு நிலவிற்று. 1992 நவம்பரில் கூடிய பெரிய சினடு, தலைவரைத் தேர்ந்தெடாமலே குழப்பத்தில் முடிந்தது. உடனே, அமைதிக்குப் பங்கம் நேரும் எனக் காரணங்காட்டி, வட்டாரப் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவர் என்ற முறையில் படைத்தளபதி பிரமோனோ தலையிட்டு, டாக்டர் சியாஹானைத் தற்காலிக எஃபோருஸாக நியமித்தார். 1993 பிப்ரவரியில் படையின் ஆதரவோடு சிறப்புச் சினடு ஒன்று கூடிப் புதிய தலைவரைத் தேர்ந்தது.

நியமனத்தை ஏற்காதோர் முடிவுபரியந்தம் உண்மையுள்ளோர் என்னும் பெயரில் திரண்டனர். போதகர்களும் விசுவாசிகளும் கைதாயினர், அடியுண்டனர். ஆலயங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட சபையார் வீடுகளிலும் வெளியிடங்களிலும் ஆராதித்தனர். ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில்கூட, இரு சபைகள் உண்டாயின. சுகார்த்தோ வீழ்ந்த பின்னரே, 1998இன் இறுதியில், ஒப்புரவுச் சினடு கூடிப் பொதுவான தலைவரைத் தேர்ந்தெடுக்க இயன்றது.

இங்கு நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. தளபதிக்கு வாயிலைத் திறந்தது திருச்சபையின் உட்பூசலேயாகும். 1957இல் கட்சிகள் தம்முள் தீர்க்கமாட்டாத பூசல் நாட்டில் எதைச் செய்ததோ, அதையே 1992இல் திருச்சபையின் பூசல் சிறிய அளவில் செய்தது.

திரும்பிய வழியும் மீண்டும் திறந்த கதவும்

1998 மே 21ஆம் நாள் சுகார்த்தோ பதவி விலகினார். 1999 ஏப்ரலில் காவல் துறை இராணுவத்தினின்றும் பிரிக்கப்பட்டது. அவ்வாண்டு நாடாளுமன்றத்தில் படையினரின் இடங்கள் 38ஆகக் குறைந்து, 2004இல் முற்றும் ஒழிந்தன. 2004ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டம், பணியிலுள்ள படையினர் பத்து அமைச்சகங்கள் அல்லது அரசு நிறுவனங்களில் மட்டுமே சிவில் பதவி வகிக்கலாம் என வரையறுத்தது. படையின் வணிக நிறுவனங்களை ஐந்தாண்டுகளுக்குள் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் எனவும் விதித்தது. ஒரு துப்பாக்கிச் சூடும் இன்றி ஒரு படை நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறியது வரலாற்றில் போற்றத்தக்க நிகழ்ச்சியாகும்.

ஆயினும் கிராமம் வரை இறங்கிய அந்த ஏணி அகற்றப்படவில்லை. பின்வந்த ஆண்டுகளில் நெல் விளைச்சல், உணவுத் தோட்டம், தொற்றுநோய்த் தடுப்பு என ஒவ்வொரு தேவைக்கும் அரசு படையையே நாடிற்று. 2025 மார்ச்சு 20ஆம் நாள், சுகார்த்தோவின் மருமகனாயிருந்தவரும் முன்னாள் தளபதியுமான பிரபோவோ அதிபராயிருக்கையில், நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்திற்று. பத்தாயிருந்த அலுவலகங்கள் பதினான்காயின. மாணவர்கள் பல நகரங்களில் தெருவில் இறங்கிக் கண்டித்தனர். பத்திற்கும் பதினான்கிற்கும் உள்ள வேறுபாடு சிறிதே என்பர் சிலர். 1957இல் எடுத்துவைக்கப்பட்ட முதல் அடியும் சிறிதாகவே தோன்றியது என்பதை அம்மாணவர்கள் மறக்கவில்லை.

நமக்குரிய பாடம்

இஸ்ரவேலின் மூப்பர்கள் சாமுவேலிடம் ஓர் இராஜாவைக் கேட்டபோது, அவர்களுக்கு மெய்யான குறை இருந்தது. சாமுவேலின் குமாரர் நியாயத்தைப் புரட்டினர். பகைவர் எல்லையில் நின்றனர். அவர்கள் கேட்ட இராஜா தங்கள் குமாரரையும் வயல்களையும் தனக்கென எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தார் (1 சாமு. 8). குறை மெய்யானது என்பதால் தேடிய தீர்வு சரியானதாகிவிடாது என்பதே அப்பகுதி உணர்த்தும் உண்மை.

அதே வேளையில், படைத்தொழிலையே இழிவாகக் கருதுவதும் வேதம் காட்டும் வழியன்று. தன்னிடம் வந்த போர்ச்சேவகரை நோக்கி, யோவான் ஸ்நானகன் அவர்களுடைய தொழிலை விட்டுவிடுமாறு கூறவில்லை. எவரையும் மிரட்டாமலும், தங்கள் சம்பளத்திற்குமேல் நாடாமலும் இருக்குமாறே அறிவுறுத்தினார் (லூக். 3:14). அவருடைய அறிவுரையில் ஓர் எல்லை உள்ளது. சம்பளத்தோடு நிறைவடையும் படைவீரன் தன் தொழிலின் எல்லைக்குள் நிற்பான். அவனுக்கு உரிய சம்பளத்தை அரசு கொடாதபோதும், அவனுக்குரியதல்லாத வேலையை அவன்மீது சுமத்தும்போதும், அந்த எல்லையை அழிப்பவர்கள் நாமே.

வெள்ளத்திலும் புயலிலும் படைவீரர் வந்து உயிர்களைக் காக்கும்போது நாம் நன்றி செலுத்துகின்றோம், செலுத்தவும் வேண்டும். வெள்ளம் வடிந்தபின் அப்பணி சிவில் துறையிடம் திரும்பியதா என்று கேட்பதும் அந்நன்றியோடு சேர்ந்த கடமையாகும். இறையியல் மாணவர்களுக்கும் ஆயர்களுக்கும் இன்னொரு கடமை உண்டு. நம் சபைகளின் தேர்தல் வழக்குகள் நீதிமன்றம் ஏறுவது நாம் அறியாததன்று. நீதிமன்றம் சட்டத்தின்கீழ் இயங்குவது. அதனைப் படைத்தளபதியின் ஆணையோடு ஒப்பிட இயலாது. எனினும், சகோதரர் கூடித் தீர்க்கவேண்டியதைப் பிறர் தீர்க்குமாறு விட்டுவிடும் பழக்கம் எங்கும் ஒன்றே. பாத்தாக் திருச்சபை அதற்கு ஆறு ஆண்டு பிரிவையும் பல விசுவாசிகளின் சிறைவாசத்தையும் விலையாகக் கொடுத்தது. அடுத்த சினடு கூடும்போதும், அடுத்த திருமண்டலத் தேர்தல் வரும்போதும், அந்த விலையை நம் மக்களுக்கு எடுத்துரைப்பது நம்மேல் விழுந்த பொறுப்பாகும்.